ரோமப் படையை மாற்றியது மாரியஸா?

"கி.மு. 107இல் காயஸ் மாரியஸ் ரோமப் படையை அடியோடு மாற்றினார், சொத்தில்லாத ஏழைகளைப் படையில் சேர்த்தார், அந்தப் படைதான் பிறகு குடியரசையே கவிழ்த்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? அவர் செய்த சீர்திருத்தங்கள் என்னென்ன?" இதுதான் கேட்கப்பட்ட கேள்வி.

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழைகளைச் சேர்த்தது உண்மை. மற்றபடி "மாரியஸ் சீர்திருத்தங்கள்" என்று ஒரே மனிதர் தலையில் கட்டப்பட்ட மூட்டையில் பாதிக்கு மேல் அவருடையது அல்ல. சில அவருக்கு நூறு ஆண்டுகள் முன்பே தொடங்கியவை, சில அவர் இறந்த பிறகு வந்தவை. குடியரசை உலுக்கிய கேள்வி வேறொன்று: இருபது வருடம் போரிட்டவன் வீடு திரும்பினால் எதை வைத்துப் பிழைப்பான்? அதற்கு மாரியஸ் விடை சொல்லவில்லை. அவருக்குப் பின் 112 ஆண்டுகள் யாரும் சொல்லவில்லை. கி.பி. 6இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் சொன்னார். ரோமப் படையின் பெரிய சீர்திருத்தம் எது என்று என்னைக் கேட்டால், அந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

சரி, விரிவாகப் பார்ப்போம்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. மாரியஸுக்கு முன் ரோமப் படை என்பது நிலம் வைத்திருந்த விவசாயிகளின் படை. அவரவர் ஆயுதத்தோடு கோடையில் போருக்குப் போய், அறுவடைக்குத் திரும்பிவிடுவார்கள். மாரியஸ் வந்தார். சொத்துத் தகுதியை நீக்கினார், அரசு செலவில் ஆயுதம் தந்தார், மேனிப்பிள் என்ற சிறு பிரிவுகளாக நிற்கும் பழைய அணிமுறையை எடுத்துவிட்டுக் கோஹார்ட் என்ற பெரிய பிரிவைக் கொண்டுவந்தார், எறியீட்டியைத் திருத்தினார், கழுகுச் சின்னத்தைக் கொடுத்தார், மூட்டையை வீரன் முதுகிலேயே ஏற்றினார். ஒரே மூச்சில் இத்தனையும். இப்படி எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டியவர்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள். அவர்கள் காலத்து அரசுகள் படைகளைத் திட்டம் போட்டுச் சீரமைத்தன. ரோமிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார் என்று தோன்றியது இயல்புதான். பண்டைய ஆசிரியர் ஒருவர்கூட இந்தப் பட்டியலை முழுதாகத் தரவில்லை.

பழைய படையை நமக்கு நன்றாக விவரித்தவர் கிரேக்கரான பாலிபியஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காரர். லெஜியன் என்பது ரோமப் படையின் பெரும் பிரிவு, ஒரு லெஜியனில் 4,200 காலாட்கள். முன்வரிசையில் இளைஞர்களான ஹஸ்டாட்டி 1,200, அடுத்து பிரின்சிபஸ் 1,200, கடைசியில் மூத்தவர்களான ட்ரியாரி 600, இவர்களுக்கு முன்னால் ஓடி ஈட்டி எறிந்துவிட்டு விலகும் வெலிட்டஸ் 1,200. கூடவே 300 குதிரைவீரர்கள். இன்னொன்றையும் அவர் சொல்கிறார், இதைப் பலர் கவனிப்பதில்லை. உணவு, உடை, கூடுதலாகத் தேவைப்படும் ஆயுதம் ஆகியவற்றுக்கு வீரனின் சம்பளத்திலிருந்து பிடித்தம் உண்டு என்கிறார். அப்படியென்றால் அரசே பொருள் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் மாரியஸ் பிறந்த காலத்திலேயே இருந்தது. "மாரியஸ்தான் அரசு செலவில் ஆயுதம் கொடுத்தார்" என்ற கூற்று இங்கேயே ஆட்டம் காண்கிறது.

"நிலம் வைத்திருந்த விவசாயி கோடையில் மட்டும் போரிட்டான்" என்பதும் அப்படித்தான். இதற்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். ஸ்பூரியஸ் லிகஸ்டினஸ். கி.மு. 171இல், மாசிடோனியப் போருக்கு ஆள் எடுக்கும்போது, முன்பு தலைமை செஞ்சுரியனாக (செஞ்சுரியன் என்றால் லெஜியனுக்குள் ஒரு சிறு பிரிவின் தலைவர்) இருந்த 23 பேர் "எங்களைக் கீழ்ப்பதவியில் போடக்கூடாது" என்று தகராறு செய்தார்கள். அப்போது மக்கள் முன் எழுந்து பேசியவர் இவர். ரோம வரலாற்றாசிரியர் லிவி அந்தப் பேச்சைத் தந்திருக்கிறார். வாசகங்கள் லிவியின் கைவண்ணமாக இருக்கலாம், ஆனால் அதில் விரியும் வாழ்க்கையைப் பாருங்கள். அப்பா விட்டுப்போனது ஒரு யூகெரம் நிலமும் ஒரு சின்னக் குடிசையும். ஒரு யூகெரம் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 62 சென்ட். அந்தக் குடிசையில்தான் பிறந்தார், வளர்ந்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். அப்பா தன் சகோதரரின் மகளையே கட்டிவைத்தார். அவள் கொண்டுவந்த சீர் சுதந்திரமும் கற்பும் பிள்ளைப்பேறும் மட்டுமே என்கிறார். ஆறு மகன்கள், இரண்டு மகள்கள். படையில் சேர்ந்தது கி.மு. 200இல். பிறகு மாசிடோனியா, ஸ்பெயின், கிரேக்கம் என்று 22 ஆண்டுச் சேவை. வீரத்துக்காக 34 முறை பரிசு. குடிமகன் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்குத் தரும் ஓக் இலை முடி ஆறு. பேசும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, அப்போதும் "என்னை எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்கிறேன்" என்கிறார்.

62 சென்ட் நிலத்தில் பத்துப் பேர் கொண்ட குடும்பம் பிழைக்க முடியாது. லிகஸ்டினஸ் பிழைப்புக்காகவே படையில் இருந்தவர், இன்றைய வார்த்தையில் சொன்னால் தொழில்முறைச் சிப்பாய். அவர் பேசியது மாரியஸ் முதல் தடவை கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவர்) ஆவதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்னால்.

காரணம் புரிந்துகொள்ள எளிது. போர்க்களம் தள்ளிப் போய்விட்டது. பக்கத்து ஊரோடு சண்டை என்றால் அறுவடைக்குத் திரும்பலாம். ஸ்பெயினுக்குப் போனால் ஆறேழு வருடம் ஆகும். ஸ்பெயின் போரைப் பற்றி வந்த செய்திகள் அவ்வளவு மோசமாக இருந்தன. கி.மு. 151இல் ஆள் எடுப்பில் நியாயம் இல்லை என்று பொதுமக்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்கள் இரண்டு கான்சல்களையும் பிடித்துச் சிறையில் போடும் அளவுக்குப் போனது. கி.மு. 123இல் ட்ரிப்யூன் காயஸ் கிராக்கஸ், 17 வயதுக்குக் கீழ் யாரையும் படையில் எடுக்கக்கூடாது, உடைக்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். எந்த அளவுக்கு நெருக்கடி இருந்தால் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கும்! சொத்துத் தகுதியின் அளவும் மூன்று விதமாக நமக்குக் கிடைக்கிறது. லிவி 11,000 ஆஸ் (ரோம வெண்கலக் காசு) என்கிறார். பாலிபியஸ் கிரேக்க வெள்ளிக்காசில் 400 டிராக்மா என்கிறார், அது ஏறக்குறைய 4,000 ஆஸ். சிசரோ 1,500 ஆஸ் என்கிறார். தகுதி படிப்படியாகக் குறைக்கப்பட்டது என்று இதைப் பல அறிஞர்கள் படித்தார்கள், சிலர் மறுக்கிறார்கள். எப்படியானாலும் வேலி ஏற்கெனவே தாழ்வாகத்தான் இருந்தது. கி.மு. 216இல் கன்னேயில் ஹானிபாலிடம் தோற்ற பிறகு ரோம் 8,000 அடிமைகளையே விலைக்கு வாங்கி ஆயுதம் கொடுத்ததும் உண்டு.

இப்போது கி.மு. 107க்கு வருவோம். வட ஆப்பிரிக்காவில் நுமிடிய அரசன் யுகுர்த்தாவோடு போர் இழுத்துக்கொண்டே போகிறது. அர்ப்பினம் ஊர்க்காரரான மாரியஸ், குடும்பத்தில் யாரும் கான்சல் ஆகாத நிலையில் கான்சல் ஆகி, அந்தப் போரை எடுத்துக்கொள்கிறார். கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்டபோது உயர்குடியினர் அவையான செனட் மகிழ்ச்சியோடு சம்மதித்தது என்று வரலாற்றாசிரியர் சல்லஸ்ட் எழுதுகிறார். ஏன் மகிழ்ச்சி? மக்களுக்குப் படைக்குப் போக இஷ்டம் இல்லை, கட்டாயப்படுத்தினால் மாரியஸின் செல்வாக்கு சரியும் என்ற கணக்கு. மாரியஸ் அந்தக் கண்ணியைத் தாண்டிவிட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். வந்தவர்களில் பெரும்பாலோர் சொத்துக் கணக்கில் எதுவும் இல்லாமல் தலையெண்ணிக்கையில் மட்டும் பதிவானவர்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கான்சல், ஒரு போருக்கு, ஏற்கெனவே களத்தில் இருந்த படைக்குத் துணையாகச் சேர்த்த ஆட்கள். சொத்துத் தகுதியை ரத்து செய்ததாக எந்தச் சட்டமும் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டாய ஆள் எடுப்பும் நிற்கவில்லை, சீசர் காலத்திலும் அதற்குப் பிறகும் நடந்தது. அதற்காக மாரியஸ் செய்தது சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். கதவு திறந்தது. இன்மையிலிருந்து வருபவன் தளபதியை நம்பித்தான் வருவான், அதிகாரம் தேடுபவனுக்கு மிகவும் ஏழையானவனே மிகவும் பயன்படுவான் என்று சல்லஸ்ட் அங்கேயே எழுதிவைத்தார். ஆனால் சல்லஸ்ட் எழுதுவது சீசர் கொலையுண்ட பின், உள்நாட்டுப் போரின் நடுவில். முடிவைப் பார்த்தவர் தொடக்கத்தைத் தேடுகிறார், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

மற்ற அம்சங்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். கோஹார்ட்டை மாரியஸ் கொண்டுவந்தார் என்று பண்டைய ஆசிரியர் எவரும் சொல்லவில்லை. மூன்று மேனிப்பிள் சேர்ந்த பிரிவை ரோமர் கோஹார்ட் என்பார்கள் என்று கி.மு. 206 ஸ்பெயின் போரைச் சொல்லும்போதே பாலிபியஸ் குறிப்பிடுகிறார். ஸ்பெயினின் மலையும் பள்ளமும் அந்த அளவான பிரிவைக் கேட்டிருக்கும். கழுகுக்குச் சான்று உண்டு. கி.மு. 104இல், அவருடைய இரண்டாம் கான்சல் பதவியில், ஓநாய், மினோட்டார், குதிரை, காட்டுப்பன்றி ஆகிய சின்னங்களை விட்டுக் கழுகை மட்டும் லெஜியனுக்கு உரியதாக்கினார் என்று மூத்த பிளினி சொல்கிறார். கழுகு முன்பே இருந்தது, மற்றவை விலகின. எறியீட்டி விஷயம் புளூட்டார்க் சொன்னது: இரும்புத் தலையை மரத்தில் பிணைக்கும் இரண்டு ஆணிகளில் ஒன்றுக்கு மர முளையை வைத்தார், கேடயத்தில் குத்தியதும் முளை முறிந்து ஈட்டி தொங்கும், எதிரி அதைத் திருப்பி எறிய முடியாது. கேட்க அழகாக இருக்கிறது, ஒரு போரில் செய்தும் பார்த்திருக்கலாம். ஆனால் பின்னாளில் மண்ணிலிருந்து கிடைத்த ஈட்டிகளில் இரும்பு ஆணிகளைத்தான் பார்க்கிறோம். நிலைத்த மாற்றமாக அது தெரியவில்லை.

"மாரியஸின் கோவேறு கழுதைகள்" என்ற பட்டப்பெயர் எல்லாருக்கும் பிடித்தது. வீரர்கள் தங்கள் மூட்டையைக் கவைக்கோலில் கட்டித் தோளில் சுமந்தார்கள். படையின் பின்னால் இழுபடும் சுமைவண்டிக் கூட்டம் குறைந்தது. இதுகூட அவர் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்பெயினின் நுமான்ஷியாவை முற்றுகையிட்டபோது தளபதி சிப்பியோ எமிலியானஸ் இதே கண்டிப்பைக் கொண்டுவந்தார், இளம் மாரியஸ் அந்தப் படையில் இருந்தார். அங்கே கற்றதைத்தான் பிறகு செய்தார்.

போர்ப் பயிற்சி விஷயத்தில் இன்னொருவருக்குப் பெயர் போயிருக்க வேண்டும். கி.மு. 105 அக்டோபரில் ஆரவுசியோவில் (இன்றைய பிரான்சின் ஒராஞ்ச்) கிம்பிரி, டியூட்டன் மக்களிடம் ரோமப் படை அழிந்தது. 80,000 வீரர்கள் இறந்ததாகப் பழைய கணக்கு. உயர்குடியில் பிறந்த கெப்பியோ, புதிதாக மேலே வந்த கான்சல் மாலியஸோடு ஒரே பாசறையில் இருக்க மறுத்தார், இருவரும் தனித்தனியாக அடிவாங்கினார்கள். படைக்குள் ஏழைகள் வந்ததைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதுகிறோம், மேலே இருந்தவர்களின் இந்தக் கர்வத்துக்கு அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. அந்த ஆண்டின் இன்னொரு கான்சல் ருட்டிலியஸ் ரூஃபஸ், கிளாடியேட்டர் பள்ளியிலிருந்து ஆசான்களை வரவழைத்து வாளால் குத்தவும் தடுக்கவும் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கிம்பிரிகளை எதிர்க்கப் புறப்பட்டபோது மாரியஸ், தன்னுடைய சொந்தப் படையையும் ருட்டிலியஸின் படையையும் பார்த்து, சின்னதாக இருந்தாலும் பயிற்சி நன்றாக இருந்த ருட்டிலியஸின் படையையே தேர்ந்தெடுத்தார் என்கிறார் ஃப்ரன்டினஸ். கி.மு. 102இல் அக்குவே செக்ஸ்டியேயிலும் 101இல் வெர்செல்லேயிலும் மாரியஸ் வென்றார். நல்ல படையைப் பார்த்ததும் அடையாளம் கண்டு தன் பெருமையை ஒதுக்கி வைத்த அந்தத் தீர்மானத்துக்காகவே எனக்கு மாரியஸ் மீது மதிப்பு அதிகம்.

மாரியஸின் பெயரே வராத இன்னொரு மாற்றம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ரோமின் இத்தாலிய நட்பு ஊர்கள் காலாட்படையை ரோமருக்குச் சமமாகவும் குதிரைப்படையை மூன்று மடங்காகவும் கொடுத்துவந்தன என்கிறார் பாலிபியஸ். ரத்தம் சிந்துவதில் சரிபாதி, வாக்குரிமை மட்டும் கிடையாது. கி.மு. 91இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ரோம் போரில் சமாளித்தது, ஆனால் கேட்டதைக் கொடுத்துத்தான் முடித்தது. 90இல் தொடங்கிய சட்டங்களால் இத்தாலியர் குடிமக்கள் ஆனார்கள். அதோடு நட்புப் படை என்ற தனிப் பிரிவே மறைந்தது. எல்லாரும் லெஜியன்காரர்கள். குதிரைவீரர்கள், வில்லாளிகள், கவண்காரர்கள் எல்லாம் இத்தாலிக்கு வெளியிலிருந்து வர ஆரம்பித்தார்கள். சீசர் கையாண்ட படையின் உருவம் இந்தப் போரில்தான் பிறந்தது என்பது என் கருத்து.

இனி நிலத்துக்கு வருவோம். கி.மு. 103இல் ட்ரிப்யூன் சாட்டர்நைனஸ், மாரியஸின் பழைய வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் தலைக்கு 100 யூகெரம் நிலம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். லிகஸ்டினஸின் ஒரு யூகெரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நூறு மடங்கு. வீரன் கண்ணுக்கு இது யார் கொடுத்தது? செனட் அல்ல, அவன் தளபதி. செனட் அந்தப் பொறுப்பைத் தானே எடுத்திருந்தால், பணிமுடிந்த ஒவ்வொருவனுக்கும் இவ்வளவு என்று அரசு சார்பில் சொல்லியிருந்தால், அடுத்து நடந்ததில் பாதி நடந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். செனட் நிலப் பங்கீடு என்ற வார்த்தையைக் கேட்டாலே எதிர்த்தது.

கி.மு. 88இல் கம்பானியாவின் நோலா நகருக்கு வெளியே ஆறு லெஜியன்கள். தளபதி சுல்லா. கிழக்கே பொன்டஸ் அரசன் மித்ரிடாட்டஸ் மீது போர், கொழுத்த கொள்ளை கிடைக்கும் போர். ரோமில் ஒரு சட்டத்தால் அந்தப் பொறுப்பு சுல்லாவிடமிருந்து பிடுங்கப்பட்டு, எழுபதை நெருங்கிய மாரியஸிடம் போகிறது. சுல்லா வீரர்களைக் கூட்டிப் பேசினார். மாரியஸ் வேறு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்விடுவார், நமக்கு அந்த வாய்ப்பு போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள் என்கிறார் அப்பியன். படையைப் பொறுப்பேற்க வந்த அதிகாரிகளைக் கல்லால் அடித்தே கொன்றார்கள். ரோமை நோக்கி நடக்கலாம் என்றபோது மேல் அதிகாரிகளில் ஒரே ஒரு குவெஸ்டரைத் (நிதி அதிகாரி) தவிர எல்லாரும் விலகிவிட்டார்கள். சாதாரண வீரர்கள் நடந்தார்கள். இவர்கள் மாரியஸ் சேர்த்த ஏழைகள் அல்ல, இத்தாலியப் போருக்காகத் திரட்டப்பட்டவர்கள். ஆக, "ஏழைகளைச் சேர்த்ததால் படை கெட்டது" என்ற விளக்கம் போதவில்லை. எவனுக்கு எதிர்காலம் தளபதியின் கையில் மட்டும் இருக்கிறதோ, அவன் தளபதியோடுதான் போவான்.

அப்புறம் இதே கதை திரும்பத் திரும்ப. பாம்ப்பே என்ற தளபதி கி.மு. 62இல் கிழக்கிலிருந்து வந்து, ஒழுங்காகப் படையைக் கலைத்துவிட்டு, வீரர்களுக்கு நிலம் கேட்டார். செனட் இழுத்தடித்தது. 59இல் சீசர் கான்சல் ஆன பிறகே கிடைத்தது. நேர்மையாக நடந்தவருக்கு இதுதான் பதில் என்றால் அடுத்தவர் என்ன பாடம் படிப்பார்? சீசர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். அவர் கொலைக்குப் பிறகு அவருடைய வாரிசு ஆக்டேவியனும் அவருடைய தளபதி ஆன்டனியும் இத்தாலியின் 18 நகரங்களின் நிலத்தைப் பறித்துத் தங்கள் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். ஏரோட்டிக்கொண்டிருந்தவனை வெளியே தள்ளி இன்னொருவனைக் குடியேற்றினார்கள்.

அந்த ஆக்டேவியன்தான் அகஸ்டஸ் ஆனார். கி.மு. 31இல் ஆன்டனியை வென்ற ஆக்டியம் போர் முடிந்தபோது கையில் ஏறத்தாழ 60 லெஜியன்கள். அதை 28 ஆகக் குறைத்தார். இந்த முறை நிலத்தைப் பறிக்கவில்லை, விலை கொடுத்து வாங்கினார். இத்தாலியில் 60 கோடி செஸ்டர்ஷஸ் (ரோம நாணயம்), மாகாணங்களில் 26 கோடி என்று தன் கல்வெட்டில் பெருமையோடு பதிக்கச் சொன்னார். கி.மு. 13இல் பணிக்காலம் 16 ஆண்டு என்று வரையறுத்தார், கி.பி. 5இல் 20 ஆக்கினார். முடித்து வந்தால் 12,000 செஸ்டர்ஷஸ் பணிக்கொடை. ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஷஸ் என்பதால் இது பதின்மூன்று வருடச் சம்பளத்துக்கு மேல்.

கி.பி. 6இல் ராணுவக் கருவூலம் என்று தனியாக ஒன்றை நிறுவி, முதலீடாக 17 கோடி செஸ்டர்ஷஸைத் தன் பணத்திலிருந்து போட்டார். தொடர்ந்து பணம் வர இரண்டு வரி: பரம்பரைச் சொத்தில் நூற்றுக்கு ஐந்து, ஏல விற்பனையில் நூற்றுக்கு ஒன்று. நெருங்கிய உறவினருக்கும் ஏழைகளுக்கும் பரம்பரை வரி கிடையாது. செனட்டர்களுக்கு எரிச்சல். கி.பி. 13இல் எதிர்ப்பு வலுத்தபோது, "சரி, வேறு வழி சொல்லுங்கள்" என்ற அகஸ்டஸ், நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடப்போவதுபோல் ஆட்களை அனுப்பிச் சொத்துக் கணக்கு எடுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் பழைய வரியே தேவலை என்று அடங்கிவிட்டார்கள். வாளும் ஈட்டியும் இல்லாத இந்த ஏற்பாட்டை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், இதற்குப் பிறகு வீரனின் முதுமைக்குப் பொறுப்பு பேரரசரின் அரசு, எதிரெதிரே நிற்கும் தளபதிகள் அல்ல.

அதனால் வீரன் வாழ்க்கை சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்றைய இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டையில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டில் கி.பி. 72 வாக்கில் ஒரு வீரனின் சம்பளக் கணக்கு இருக்கிறது. கணக்கில் வந்தது 50 டெனாரியஸ் (ஒரு டெனாரியஸ் நான்கு செஸ்டர்ஷஸ்). பிடித்தம்: பார்லிக்கு 16, காலணிக்கு 5, தோல் வாருக்கு 2, நார்த்துணிச் சட்டைக்கு 7, சாப்பாட்டுக்கு மிச்சமெல்லாம். அந்தத் தவணையில் கையில் நின்றது ஒன்றுமில்லை. அந்த மனிதனுக்குக் கடைசியில் வரும் பணிக்கொடை எவ்வளவு முக்கியம் என்று இந்தச் சின்னத் துண்டைப் பார்த்தால் புரியும்.

அந்தப் பணமும் விடுதலையும் தாமதமானால் என்ன ஆகும் என்பது கி.பி. 14இல் தெரிந்தது. அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் டான்யூப் நதிப் பக்கத்துப் பன்னோனியாவிலும் ரைன் நதிக்கரையிலும் லெஜியன்கள் கலகம் செய்தன. இருபது வருடம் என்று சட்டம், ஆனால் முப்பது, நாற்பது வருடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், கடைசியில் வயல் என்ற பெயரில் சதுப்பையும் மலைச்சரிவையும் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர்கள் குறை. பன்னோனியாவில் லூசிலியஸ் என்ற செஞ்சுரியனைக் கொன்றார்கள். வீரர் முதுகில் தடி முறிய முறிய "இன்னொன்று கொண்டுவா" என்று கேட்பவர் என்பதால் அதுவே அவருக்குப் பட்டப்பெயர். ரைன் கரையில் தளபதி ஜெர்மானிக்கஸ் வந்து நின்றபோது, முத்தமிடுவதுபோல அவர் கையைப் பிடித்த சிலர், அவர் விரல்களைத் தங்கள் வாய்க்குள் விட்டு, பல் இல்லாத ஈறைத் தொட்டுப் பார்க்க வைத்தார்கள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். இதற்கு மேல் விளக்கமாக ஒரு மனு எழுத முடியாது.

ஜெர்மானிக்கஸ் இருபது வருடம் முடித்தவர்களை விடுவிக்கவும், பதினாறு வருடம் முடித்தவர்களைச் சண்டை தவிர மற்ற வேலைகளிலிருந்து விலக்கவும் இணங்கினார். அடுத்த ஆண்டு ரோமில் மக்கள் அந்த நூற்றுக்கு ஒன்று ஏல வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். புதிய பேரரசர் திபேரியஸ் மறுத்தார். ராணுவக் கருவூலம் அதை நம்பித்தான் நிற்கிறது, வீரர்கள் இருபது வருடம் முடிக்காமல் போனால் அரசு தாங்காது என்று அறிவித்து, கலகத்தில் வாங்கிய பதினாறு வருடச் சலுகையையும் ரத்து செய்தார். கி.பி. 17இல் இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியா ரோம மாகாணமாகி அங்கிருந்து வருமானம் வரத் தொடங்கிய பிறகே அந்த வரி பாதியாகக் குறைந்தது.